சிப்பாய் வேலையில் இருந்துகொண்டே பி.ஏ. முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கடைசிக்கட்டில் (கேள்வி)

அண்ணன்மார்களுக்கு வணக்கம். தரைப்படையில் சிப்பாய். சர்வீஸ் ஆறு வருடம், வயது 24. பிளஸ் டூ முடித்த கையோடு ஆள்சேர்ப்பு முகாமில் ஓடித் தேர்வானவன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

போன மாதம் பாராக்கில் எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். கல்வித் தகுதி என்ற கட்டத்தில் 12 என்று எழுதினேன். பக்கத்துக் கட்டில்காரனும் 12. அதற்கடுத்தவன் 10. எழுதி நிமிர்ந்தபோது, பென்ஷன் தாளிலும் இதே இரண்டு இலக்கம்தானே இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பு போகவில்லை.

எங்கள் எஜுகேஷன் ஹவில்தார் சாப், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர், நான் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்கிறார். பாராக்கிலோ சிரிக்கிறார்கள். "பதினைந்து வருடம் முடித்தால் ரெக்கார்ட் ஆபீஸே பட்டதாரி என்று சான்றிதழ் கொடுக்கும், அதற்கு எதற்கு ராத்திரி கண் விழிக்கிறாய்" என்று கேட்கிறான் ஒருவன். அவன் சொல்வது உண்மையா?

இன்னும் சில சந்தேகங்கள். கார்டு ட்யூட்டி, பி.டி., பரேடு, வேலை பரேடு எல்லாம் போக நேரம் இருக்குமா? புத்தகம் எந்த விலாசத்துக்கு வரும்? தேர்வு நாளில் ட்யூட்டி விழுந்தால் ஒரு வருடம் போய்விடுமா? ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே, அதுவும் பயமாக இருக்கிறது.

(ஒரு வரி நீக்கப்பட்டது.)

---

ஓய்வுத் தம்பி

தம்பி, அந்த வரியை நீக்கச் சொல்லி உனக்குத் தனியாக எழுதியது நான்தான். யூனிட் எப்போது, எந்தப் பக்கம் நகரும் என்பது லங்கர் (சமையல்கூட) வதந்தியாகவே இருந்தாலும் பொதுவில் எழுதக்கூடாது. 2020 ஜூலையில் 89 செயலிகளைப் போனிலிருந்து எடுக்கச் சொன்னது எதற்கு என்று உனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மதராஸ் ரெஜிமென்ட். நாயிப் சுபேதாராக ஓய்வு பெற்றேன். 2011 ஜூலைப் பருவத்தில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். அப்போது நாயக். மூன்று வருடப் படிப்பு, ஆறு வருடம் வரை அவகாசம். 2017 ஜூனில், கெடு முடிகிற கடைசித் தேர்வில், கடைசித் தாளை எழுதினேன். யாரும் மெச்சுகிற சாதனை இல்லை. ஆனால் ஒரு சிப்பாய் பட்டம் வாங்கும் வழியில் எத்தனை பள்ளம் உண்டோ அத்தனையிலும் நான் விழுந்திருக்கிறேன்.

நேரம் இருக்குமா என்று கேட்டாய். நான் சேர்ந்தபோது பட்டத்துக்கு 96 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. பெருக்கினால் 2880 மணி. ஆறு வருடத்தில் பரப்பிப் பார், நாளுக்கு ஒன்றரை மணி நேரம்கூட வரவில்லை. ரோல் கால் முடிந்து விளக்கணைக்கும் வரை பாராக்கில் சீட்டு ஓடும் நேரம் அதைவிட அதிகம். இப்போது கிரெடிட் கணக்கு மாறியிருக்கிறது, சேரும் வருடத்துக் கையேட்டைப் பார்த்துக்கொள். எப்படிப் பார்த்தாலும் நேரம் கிடைக்கும். சிப்பாய்க்குக் கிடைக்காதது விலாசம்தான்.

சேர்ந்தபோது விண்ணப்பத்தில் பெருமையாக என் யூனிட் விலாசத்தை எழுதினேன். நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. ராணுவத்தில் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: எங்கள் தபாலில் ஊர் பெயர் இருக்காது. 56 என்றால் டெல்லி வழியாகப் போகும், 99 என்றால் கொல்கத்தா வழியாக. ஆள் எங்கே இருக்கிறான் என்பது ராணுவத் தபாலுக்கு மட்டும் தெரியும். வீட்டுக் கடிதத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, ஒரு வாரம் பிந்தினாலும் அம்மாவின் கடிதம் கெட்டுப்போகாது. பாடப் புத்தகம் அப்படி இல்லை. என் கட்டு யூனிட்டுக்கு வந்தபோது நான் யூனிட்டிலிருந்து பிரித்து வேறிடம் அனுப்பிய டிடாச்மென்டில் இருந்தேன். அங்கே திருப்பி அனுப்பினார்கள், நான் லீவில் போயிருந்தேன். லீவு முடிந்து நேராக ஒரு கோர்ஸுக்குப் போனேன், கட்டு மறுபடி யூனிட்டுக்கு. நாங்கள் இருவரும் சந்தித்துக்கொண்டது ஐந்தாவது மாதம். பழுப்பு அட்டையில் ஏழு முத்திரை எண்ணினேன். யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். முதல் அசைன்மென்ட் கெடு மட்டும் முடிந்து போயிருந்தது.

அன்றே வீட்டு விலாசத்துக்கு மாற்றினேன். புத்தகம், ஹால் டிக்கெட் விவரம், மார்க் ஷீட் எது வந்தாலும் நகராத ஒரு வாசலுக்கு வரட்டும். இப்போது இ-ஞானகோஷ் தளத்தில் பாடங்கள் பி.டி.எஃப். வடிவில் இருக்கின்றன, போனில் இறக்கிக்கொண்டால் புத்தகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த வசதி இருந்தும், கணிசமான பையன்கள் யூனிட் விலாசத்தைத்தான் எழுதுகிறார்கள். பாதுகாப்புக்கும் அது நல்லதல்ல.

அடுத்தது மார்க் கணக்கு. நான் படித்தபோது அசைன்மென்டுக்கு 30 விழுக்காடு, பருவத் தேர்வுக்கு 70. இந்த 30 இருக்கிறதே, அது சிப்பாய்க்கென்றே வைத்ததுபோல இருந்தது. தேர்வுக்குக் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இடத்தில் இருந்தாக வேண்டும். அசைன்மென்டை எங்கே உட்கார்ந்தும் எழுதலாம்.

நான் எழுதிய இடத்தைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், நல்ல உயரம், வருடத்தில் முக்கால்வாசி பனி. பங்கருக்குள் மண்ணெண்ணெய் புகாரி, அதாவது கணப்படுப்பு, எரியும். வெளியே காவல் முடித்து உள்ளே வந்தால் கைவிரல் மடங்க அரை மணி ஆகும். பால் பாயின்ட் பேனா எழுதாது, உள்ளே மை இறுகிவிடும். ரீஃபிலை மட்டும் கழற்றி அக்குளில் வைத்துக்கொள்வேன். பத்து நிமிடம் கழித்து எடுத்தால் ஒன்றரைப் பக்கம் ஓடும். பிறகு மறுபடி அக்குள். இரண்டு ரீஃபில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எழுதப் பழகினேன். புகாரியின் கரி காற்றில் மிதந்து எல்லாவற்றிலும் படியும். பக்கத்தைத் திருப்பும் இடத்தில் வலது மூலையில் என் கட்டைவிரல் ரேகை கறுப்பாக விழுந்துவிடும். முதலில் அழித்துப் பார்த்தேன், தாள் கிழிந்தது. அப்புறம் விட்டுவிட்டேன். திருத்திய ஆசிரியர் கடைசித் தாளில் "தாளைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அவரைக் கூட்டி வந்து அந்தப் பங்கரில் ஒரு ராத்திரி உட்கார வைக்க வேண்டும் என்று செக்ஷனே சேர்ந்து முடிவு செய்தது.

எனக்கு ஒரு பாடம் நவீன இந்தியா, 1857 முதல் 1964 வரை. சிப்பாய்கள் எழுந்த கதையை ஒரு சிப்பாய் பங்கருக்குள் உட்கார்ந்து படிப்பது தனி அனுபவம். ஆனால் பாடம் தொடங்குவதே 1857 என்பதால் 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை, அதற்கு வெளியே நின்றுவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. தலைப்பாகையை மாற்றச் சொன்னது, காதணியையும் நெற்றிக் குறியையும் எடுக்கச் சொன்னது எல்லாவற்றையும் கேட்காமலே ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்தேன். அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் "கேள்விக்குத் தொடர்பில்லை". மார்க் குறைத்தார்களா தெரியாது. இன்னொரு முறை வாய்ப்புக் கிடைத்தாலும் எழுதுவேன்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதே. என் ஆங்கிலம் கட்டளைகளில் கற்றது, நின்றால் நிற்கும் நடந்தால் நடக்கும். அசைன்மென்ட் எழுதி எழுதித்தான் வளைந்தது. முதலில் தமிழில் நாலு வரி எழுதி, பிறகு ஆங்கிலத்தில் எழுதுவேன். மூன்றாவது வருடத்தில் அந்த நாலு வரி தேவைப்படவில்லை.

இப்போது தேர்வு. ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ட்யூட்டியால் ஒரு தேர்வு போனால் வருடம் போகாது, ஆறு மாதம் போகும். அவகாசம் முடியும்வரை மறுபடி எழுதலாம். நான் 2013 டிசம்பரில் ஐந்து தாளுக்கு விண்ணப்பித்துவிட்டு ஒன்றுகூட எழுதவில்லை. லீவு கையெழுத்தாகி, மூட்டை கட்டி, ஹெலிகாப்டருக்கு நின்றேன். வானிலை சரியில்லை என்று பதினோரு நாள் பறக்கவில்லை. சோஜிலா கணவாய் மூடிவிட்டால் சாலையும் கிடையாது. தேர்வு அங்கே கீழே நடந்து முடிந்தது. அன்றிலிருந்து எனக்கு நானே போட்டுக்கொண்ட நிலையான உத்தரவு: உயரத்தில் இருக்கும் வருடத்தில் டிசம்பரை மறந்துவிடு, ஜூனுக்கு மட்டும் பணம் கட்டு. பீஸ் ஸ்டேஷனில், அதாவது எல்லையை விட்டு உள்ளே, இருக்கும்போது இரண்டிலும் அள்ளிவிடு. தேர்வுகள் ஒரே வாரத்தில் முடியாது, ஒரு மாதத்துக்கு மேல் விரிந்து கிடக்கும். தேதி அட்டவணை வந்ததும் எந்தத் தாள்கள் பக்கத்துப் பக்கத்தில் விழுகின்றன என்று பார்த்து, அதற்கேற்ப லீவு கேள். 60 நாள் வருட லீவில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குவதற்கு வீட்டில் முன்கூட்டியே அனுமதி வாங்கு. சி.ஓ.விடம் (கமாண்டிங் ஆபீசர்) வாங்குவது அதைவிடச் சுலபம்.

அனுமதி என்றதும் நினைவு வருகிறது. சேரும் முன் யூனிட்டில் எழுத்துமூலம் அனுமதி வாங்கு. உன் எஜுகேஷன் ஹவில்தார் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்கிறாரே, அப்படிப்பட்டவர் எல்லா யூனிட்டிலும் கிடைக்க மாட்டார், போஸ்டிங்கில் போவதற்குள் வேலையை முடித்துக்கொள். தரைப்படைக்கென்றே தனி மண்டல மையங்களை அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரித்திருக்கிறது, அவரிடம் அதையும் விசாரி. பட்டம் வந்ததும் பார்ட் டூ ஆர்டரில் (உன் சர்வீஸ் ஆவணத்தில் மாற்றத்தைப் பதியும் உத்தரவு) ஏற்றிவிடு. சான்றிதழ் பெட்டியில் கிடந்தால் உன் ஆவணத்தில் நீ இன்னும் 12தான்.

கடைசியாக உன் பாராக் நண்பனின் பதினைந்து வருடச் சான்றிதழ். பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறான். 1986 பிப்ரவரியில் மத்திய அரசு போட்ட ஆணை அது. 10ஆம் வகுப்பு முடித்து 15 வருடத்துக்குக் குறையாமல் சர்வீஸ் செய்த முன்னாள் ராணுவத்தினரை, பட்டம் கேட்கும் மத்திய அரசின் 'சி' பிரிவு வேலைகளுக்குப் பரிசீலிக்கலாம், அதுவும் தொழில்நுட்ப அனுபவம் தேவைப்படாத வேலைகளுக்கு. அவ்வளவுதான் அதன் நீளம். எனக்கு முன்னே ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தார் அதைக் கண்ணாடிச் சட்டமே போட்டு வைத்திருந்தார். ஒரு வங்கியின் அதிகாரித் தேர்வுக்கு அதைக் கொண்டுபோனார். உண்மையான பட்டம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பி.எட். படிக்கலாம் என்றார், சட்டம் படிக்கலாம் என்றார், எந்தக் கதவும் அந்தச் சாவிக்குத் திறக்கவில்லை. அதை வாங்கிக்கொள், உன் உரிமை. அதை நம்பி உட்காராதே.

---

வாசலில்நிற்பவள்

ஓய்வுத் தம்பி அண்ணன் நகராத வாசல் என்று எழுதியிருக்கிறாரே, அந்த வாசலில் நின்றவள் நான். என் வீட்டுக்காரர் பி.காம். படித்தது பாதி அவர், பாதி நான் என்று எங்கள் வீட்டில் இன்றும் வழக்கு நடக்கிறது. (தேர்வு அவர்தான் எழுதினார், சந்தேகப்பட வேண்டாம்.)

தம்பிக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இது ஆண்களுக்குத் தோன்றாது. இப்போது எல்லாம் ஓ.டி.பி. தொலைநிலைப் படிப்பில் சேர யு.ஜி.சி.யின் டி.இ.பி. (தொலைநிலைக் கல்விப் பிரிவு) அடையாள எண் வேண்டும், அதற்கு முன் ஏ.பி.சி. (கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் வங்கி) கணக்கு வேண்டும், அது ஆதாரில் போய் நிற்கும். ஒவ்வொரு படியிலும் போனுக்கு ஓர் எண் வரும். என் வீட்டுக்காரர் தன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். அவர் இருந்த போஸ்டில் சிக்னல் கிடையாது, போனையே கீழே வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் இங்கே கணினி முன்னால். தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி இரண்டு நாள். எண் அங்கே பெட்டிக்குள் பூட்டியிருந்த போனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு வாரம் ஒருமுறை அவர் பேசும் ராணுவ போனில் அழைத்தபோது நான் நலம் விசாரிக்கவில்லை. "பெட்டிச் சாவி யாரிடம்" என்று கேட்டேன். கீழே இருந்த ஒரு நண்பர் பெட்டியைத் திறந்து, போனை சார்ஜ் போட்டு, எண்ணைப் படித்துச் சொன்னார். அன்று மாலையே மின்னஞ்சலையும் போன் நம்பரையும் என்னுடையதாக மாற்றினோம்.

அதனால் சேரும்போதே வீட்டில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மனைவியோ, தங்கையோ, அப்பாவோ, நாட்காட்டி பார்க்கத் தெரிந்த ஒருவர். அவருடைய நம்பர், அவருடைய விலாசம். உங்கள் ஆதாரோடு இணைந்த நம்பரை மட்டும் லீவில் வரும்போதே சரிபார்த்துவிடுங்கள், அதை அங்கிருந்து மாற்ற முடியாது.

---

பாதியில்விட்டவன்

எல்லாரும் முடித்தவர்களாகவே பேசுகிறீர்கள். முடிக்காத ஒருவன் பேசட்டும்.

நான் சேர்ந்தது வேறொரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். இரண்டு வருடத்தில் ஒன்பது தாள் தேறினேன். அதன்பிறகு நான்கு அசைன்மென்டுகளின் மார்க் ஏறவே இல்லை. மையத்தில் கேட்டால் வரவில்லை என்றார்கள். நான் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை, படம் பிடித்து வைக்கவில்லை. லீவில் போனபோது மூன்று நாள் அந்த அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். மறுபடி எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான்கையும் கையால் எழுதுவது என்றால் அறுபது எழுபது பக்கம். அப்போது எனக்குக் கேடர் கோர்ஸ் வந்தது, நாயக் ஆக வேண்டும், அதற்கும் படிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டேன். ஸ்ட்ரைப் வந்தது, பட்டம் வரவில்லை.

வருத்தமா என்றால், சில நாள் இருக்கும். தம்பி, நீ எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் கொடுக்கும் முன் படம் எடு. கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கு. இரண்டு நிமிட வேலை. நான் இழந்தது அந்த இரண்டு நிமிடத்தில்.

---

டேராடூன்வழி

வயது 24, சர்வீஸ் ஆறு வருடம், பிளஸ் டூ. மேலே யாரும் ஆர்மி கேடட் காலேஜ் பற்றிச் சொல்லவில்லையே? 20 முதல் 27 வயது வரை, குறைந்தது இரண்டு வருட சர்வீஸ் இருந்தால் சிப்பாய் விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு, பிறகு எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் நேர்காணல்). தேறினால் டேராடூனில் மூன்று வருடம் படிப்பு. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பி.ஏ. அல்லது பி.எஸ்சி. பட்டம். அதற்குப் பிறகு ஒரு வருடம் இந்திய ராணுவ அகாடமி, வெளியே வரும்போது லெப்டினன்ட். 1929-இல் நவ்காங்கில் கிச்சனர் காலேஜாகத் தொடங்கியதன் தொடர்ச்சி அது, சிப்பாய்களுக்கான பழைய வழிதான். உனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. நான் 27 முடியும்போதுதான் கேள்விப்பட்டேன்.

---

கடைசிக்கட்டில்

எல்லாருக்கும் நன்றி. டேராடூன் பற்றி இதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை, திங்கட்கிழமை எஜுகேஷன் ஹவில்தார் சாபிடம் கேட்கப்போகிறேன். அது கிடைக்காமல் போகலாம் என்பதால் பி.ஏ.வையும் விடப்போவதில்லை.

இரண்டு பேருக்காக இரண்டு கேள்வி. என் பக்கத்துக் கட்டிலுக்கும் அடுத்த கட்டில்காரன் 10 மட்டும் முடித்தவன். பிளஸ் டூ இல்லாமலே ஆறு மாத ஆயத்தப் படிப்பு முடித்து நேராக பி.ஏ. சேரலாம் என்று ஒருவர் சொன்னாராம், சேரலாமா? இன்னொருவன் அக்னிவீர், நான்கே வருடம். அவனுக்கு நேரமே இல்லை என்கிறான்.

---

ஓய்வுத் தம்பி

10 முடித்தவனை அவசரப்பட வேண்டாம் என்று சொல். பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்வது வேறு, வேலை கொடுப்பவன் ஏற்றுக்கொள்வது வேறு. தமிழ்நாடு அரசு 2009 ஆகஸ்டில் அரசாணை எண் 107 போட்டது. 10, 12, பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் திறந்தநிலைப் பட்டம் மாநில அரசு வேலைக்குச் செல்லும். நடுவில் 12 இல்லாமல் தாண்டிக் குதித்தவன் பட்டத்தோடு டி.என்.பி.எஸ்.சி. வாசலில் நிற்க வேண்டியதுதான். நான் அப்படி நின்ற ஒருவரைப் பார்த்திருக்கிறேன், எம்.ஏ. வரை முடித்தவர். ஆகவே அவன் முதலில் தனித்தேர்வராக மாநில வாரியத்தின் பிளஸ் டூவை எழுதட்டும். இரண்டு வருடம் போகட்டும், அவனுக்கு இன்னும் சர்வீஸ் கிடக்கிறது.

அக்னிவீருக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. 2022-இல் திட்டம் வந்தபோதே மத்தியக் கல்வி அமைச்சகம் அறிவித்த மூன்று வருடப் பட்டம், அதே திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்துவது. மொத்த கிரெடிட்டில் 50 விழுக்காடு அவன் பணியில் பெறும் பயிற்சிக்கே கிடைக்கும், மீதியைத்தான் படிக்க வேண்டும். நான்கு வருடத்துக்குப் பிறகு நிரந்தரமாக எடுப்பது 25 விழுக்காடு வரைதான். நேரமில்லை என்பவனிடம் அந்த எண்ணைச் சொல், நேரம் தானாக வரும்.

நீ எப்போது சேருகிறாய்?

---

கடைசிக்கட்டில்

அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டேன் அண்ணா, கம்பெனி ஆபீஸ் தாண்டிவிட்டது. ஜூலைப் பருவத்துக்கு விண்ணப்பம். வரலாறுதான். தங்கை விலாசம், தங்கை நம்பர். பார்சல் வந்தால் பிரிக்காமல் வைக்கவா என்று கேட்டாள்.

---

ஓய்வுத் தம்பி

பிரிக்கச் சொல். முதலில் பதிவு எண் இருக்கும் தாளைப் படம் எடுத்து அனுப்பட்டும், பிறகு புத்தகங்களை எண்ணிப் பார்க்கட்டும், ஒன்று குறைந்தால் உடனே எழுத வேண்டும். அப்புறம் உனக்கு ஒரு பார்சல் கட்டச் சொல். புத்தகம் வேண்டாம். ரீஃபில், ஒரு டஜன்.